கிளென் லயன் பள்ளத்தாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயர் மலைகளுக்குள் இருக்கிற கிளென் லயன் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, அங்கே போய்ப் பார்க்க நினைப்பவர்கள். இன்னொரு வகை, என்னைப் போல இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் பிறந்து வளர்ந்து, பழைய கடிதங்களிலும் சான்றிதழ்களிலும் 'கிளென்லயன் தோட்டம்' என்று பார்த்துவிட்டு, இந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள். இரண்டு வகையினரும் கேட்டவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

'லயன்' என்றால் சிங்கமா?

இல்லை. சின்ன வயதில் நாங்கள் அதைச் சிங்கம் என்றுகூட நினைக்கவில்லை, லயன் காம்பராவில் வருகிற லயன் என்றே நினைத்தோம். எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன்கள், அதனால் தோட்டத்துக்கே அந்தப் பேர் வந்துவிட்டது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. உண்மையில் லயன் என்பது ஓர் ஆற்றின் பெயர். கிளென் என்றால் ஸ்கொட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் மலைகளுக்கு இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கிற பள்ளத்தாக்கு. லயன் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு கிளென் லயன். அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பேர் மலையகத்துக்கு எப்படி வந்தது?

கோப்பிக் காலத்திலும் அதற்குப் பிறகு தேயிலைக் காலத்திலும் இலங்கை மலைகளில் காடு வெட்டித் தோட்டம் போட்ட துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஏராளம். 1867-ல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்தான். அவர்கள் தங்கள் ஊர், ஆறு, மாளிகை எல்லாவற்றின் பெயரையும் தோட்டங்களுக்கு வைத்தார்கள். அக்கரப்பத்தனையிலேயே கிளாஸ்கோ இருக்கிறது, பல்மோரல் இருக்கிறது. அந்த வரிசையில் கிளென்லயனும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் ஆட்களுக்கு அந்தப் பேரின் பொருள் தெரிய வாய்ப்பே இல்லை, ஆனாலும் நான்கைந்து தலைமுறையாக அந்தப் பேர் நம்முடைய முகவரியாக இருந்திருக்கிறது. அதனால்தான் மூல ஊரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அது சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்கொட்லாந்தின் நடுப்பகுதியில், மேற்கு கிழக்காகக் கிடக்கிறது. மேற்கு முனையில் லயன் ஏரி, கிழக்கு முனையில் ஃபோர்ட்டிங்கல் என்ற சின்ன ஊர். தெற்கே பென் லாவர்ஸ் மலைத்தொடர், அதைத் தாண்டினால் டே ஏரி. வடக்கே கார்ன் மெர்க் தொடர், அதற்கு அப்பால் ஷிஹேலியன் என்ற தனி மலை. (1774-ல் பூமியின் எடையைக் கணக்கிட இந்த ஷிஹேலியனின் சாய்வுகளில்தான் நெவில் மாஸ்கலைன் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். மலை தன் பக்கம் குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள்.) பள்ளத்தாக்கின் நீளத்தை 34 மைல் என்று பொதுவாக எழுதுவார்கள். சுற்றிலும் மலை மூடிய கிளென்களில் இதுதான் மிக நீளமானது என்பது அங்குள்ளவர்களின் பெருமை. லயன் ஆறு ஃபோர்ட்டிங்கலைக் கடந்து கொஞ்ச தூரத்தில் டே ஆற்றோடு சேர்ந்து, பேர்த் நகரம் வழியாக, டண்டீக்கு அப்பால் வட கடலுக்குப் போகிறது.

கிளென் என்றால் சாதாரணப் பள்ளத்தாக்குதானே, ஏன் தனிப் பேர்?

அங்கே நிலத்துக்குப் பேர் வைப்பதில் நுணுக்கம் உண்டு. ஆறு அகலமான சமவெளியில் ஓடி, இரு பக்கமும் உழுது பயிரிட இடம் இருந்தால் அது ஸ்ட்ராத். ஒடுங்கி, இரு பக்கமும் செங்குத்தாக மலை ஏறினால் கிளென். மலையின் மார்பில் கரண்டியால் கோரி எடுத்த மாதிரிக் குழிவு இருந்தால் கோரி, கேலிக்கில் அந்தச் சொல்லுக்குக் கொப்பரை என்று பொருள். ஒரு கிளெனிலிருந்து இன்னொன்றுக்கு மலைக்கு மேலாகப் போகிற கணவாய்க்கு லாரிக், பியாலக் என்று பேர். வரைபடத்தை எடுத்து இந்த நாலைந்து சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு பார்த்தால், போகாமலேயே அந்த நிலத்தைப் பாதி நடந்துவிடலாம்.

இந்தப் பள்ளத்தாக்கு எப்படி உண்டானது?

ஆறு மட்டும் வெட்டியதல்ல. ஆறு ஏற்கெனவே போட்டுவைத்த வழியில் பனிக்கட்டி ஆறுகள் மீண்டும் மீண்டும் இறங்கி, பக்கங்களைச் சுரண்டி, அடியை ஆழமாக்கிவிட்டன. கடைசிப் பனி போய் ஏறக்குறைய 11,500 ஆண்டுகள் ஆகின்றன. மேல் பகுதியில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு ஆங்கில 'யு' எழுத்து மாதிரி இருப்பது தெரியும்: தட்டையான அடி, இரு பக்கமும் திடீரென்று ஏறுகிற சுவர். ஆனால் கீழ் முனையில், ஃபோர்ட்டிங்கலுக்குச் சற்று மேலே, ஆறு ஒரு ஒடுக்கமான பாறை இடுக்குக்குள் நுழைகிறது. அங்கே பீச், ஓக் மரங்கள் தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்கும், பகலிலும் ஒரு பச்சை இருட்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த இடுக்கைத் தாண்டிப் பள்ளத்தாக்கு விரிகிறபோது, கதவைத் திறந்து பெரிய கூடத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

பாறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்கே இருக்கிற பென் லாவர்ஸ் (1,214 மீட்டர்) சுண்ணாம்புச் சத்துள்ள மென்மையான படிகப் பாறையால் ஆனது. அது உதிர்ந்து வளமான மண் ஆவதால், வேறு இடங்களில் கிடைக்காத உயர்மலைச் செடிகள் அங்கே இருக்கின்றன. அதற்காகவே ஸ்கொட்லாந்து தேசிய அறக்கட்டளை 1950-ல் அதை வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

ஃபோர்ட்டிங்கல் மரம் உண்மையிலேயே அவ்வளவு பழையதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். ஃபோர்ட்டிங்கல் தேவாலய முற்றத்தில் நிற்கிற யூ மரத்துக்கு 2,000 முதல் 3,000 வயது இருக்கும் என்பது பரவலான கணிப்பு, 5,000 என்று சொல்பவர்களும் உண்டு. வளையங்களை எண்ணிப் பார்த்துவிடலாமே என்றால் முடியாது, ஏனென்றால் நடு மரம் எப்போதோ உளுத்துப் போய்விட்டது. 1769-ல் அளந்தபோது சுற்றளவு 52 அடி. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஞாபகத்துக்காக ஒடித்துக்கொண்டு போனதிலும், அடியில் தீ மூட்டியதிலும் நடுப்பகுதி காணாமல் போய், இப்போது தனித்தனி மரங்கள் வட்டமாக நிற்பதைப் போல் தோன்றும். ஒரு காலத்தில் பிணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிளவுக்குள்ளால் போனார்களாம்.

சுற்றி மதில் கட்டிக் கம்பி போட்டிருப்பதால் தொட முடியாது. பார்த்த உடனே சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், உயரமாக வானத்தைத் தொடுகிற மரம் இல்லை அது. ஆனால் கம்பிக்கு அருகே குனிந்து தரையைப் பாருங்கள். பழைய அடிமரத்தின் விளிம்பு எங்கே இருந்தது என்று காட்ட மண்ணில் சின்னச் சின்ன மரமுளைகள் அடித்திருக்கிறார்கள். ஒரு முளையிலிருந்து எதிரிலிருக்கிற முளை வரைக்கும் கண்ணை ஓட்டும்போதுதான், நடுவில் இருக்கிற வெறும் இடம் முழுவதும் ஒரு காலத்தில் மரமாக இருந்தது என்பது உறைக்கிறது. நான் அங்கே வெகு நேரம் நின்றுவிட்டேன்.

இன்னொரு விஷயம். யூ மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இது ஆண் மரம் என்றே பதிவாகியிருந்தது. 2015-ல் எடின்பரோ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் ஒரே ஒரு கிளையில் மூன்று சிவப்புப் பழங்களைக் கண்டார். பழம் காய்ப்பது பெண் மரம் மட்டும்தான். ஆயிரக்கணக்கான ஆண்டு நின்ற மரத்தின் ஒரு கிளை மட்டும் பெண்ணாக மாறியிருந்தது. தயவுசெய்து யாரும் இலையோ குச்சியோ ஒடிக்காதீர்கள், துணி கட்டுவதும் வேண்டாம்.

இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து அங்கே பிறந்தார் என்கிறார்களே?

அது ஊர்க்கதை. ஆதாரம் எதுவும் கிடையாது, காலக் கணக்கும் ஒத்துவராது.

'மக்கிரெகர் பாய்ந்த இடம்' என்று ஒரு இடம் இருக்கிறதாமே?

இருக்கிறது, நான் மேலே சொன்ன பாறை இடுக்கில். கிரெகர் மக்கிரெகர் என்பவர் தன்னைத் துரத்திய வேட்டை நாய்களிடமிருந்து தப்ப, அந்த இடத்தில் ஆற்றைப் பாய்ந்து தாண்டினார் என்பது கதை. கரையில் நின்று கீழே சுழித்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால், உயிர்ப் பயம் இல்லாத எவரும் அதைச் செய்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

எனக்கு அந்தப் பாய்ச்சலைவிட அவருடைய மனைவியின் கதைதான் முக்கியம். அவர் மரியன் கேம்பல், இந்த கிளென் லயன் கேம்பல் குடும்பத்துப் பெண். கேம்பல் குலத்துக்கும் மக்கிரெகர் குலத்துக்கும் பகை முற்றிய காலத்தில் அவர் மக்கிரெகரைக் கட்டிக்கொண்டார். கடைசியில் கிரெகர் பிடிபட்டார். 1570 ஏப்ரலில், டே ஏரியின் முனையில் இருந்த கேம்பல் கோட்டையில் அவருடைய தலையை வெட்டினார்கள். வெட்டச் சொன்னவர்கள் மரியனின் சொந்தக்காரர்களே. கையில் குழந்தையோடு இருந்த மரியன் பாடியதாகச் சொல்லப்படுகிற கேலிக் பாட்டு இன்றைக்கும் பாடப்படுகிறது. குழந்தையைத் தூங்க வைக்கிற தாலாட்டு அது, புருஷனுக்கு வைக்கிற ஒப்பாரியும் அதுவே. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே தொண்டையிலிருந்து வருவதன் கனம் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளங்கும். மொழி தெரியாமலே அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

கிளென்கோ படுகொலைக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

கிளென்கோ இன்னும் மேற்கே, வேறு பள்ளத்தாக்கு. 1692 பெப்ரவரி 13 விடியற்காலையில் அங்கே 38 மக்டொனால்ட் குலத்தவரைப் படைவீரர்கள் கொன்றார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கி அங்கே போயிருந்தவர் ராபர்ட் கேம்பல், கிளென் லயனின் பிரபு. ஏறக்குறைய அறுபது வயது. சூதாட்டம், குடி, கடன் என்று நிலத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்திருந்தார். 1689-ல் சண்டையிலிருந்து திரும்பிய கிளென்கோக்காரர்கள் கிளென் லயனுக்குள் புகுந்து மிச்சமிருந்த மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வயதில் அவர் பட்டாளத்தில் சேர்ந்ததே பிழைப்புக்காக.

மாடு போன பகைக்குப் பழி வாங்கினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உத்தரவு அரசாங்கத்திலிருந்து வந்தது, புதிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கத் தாமதித்த ஒரு குலத்தை மற்றவர்களுக்குப் பாடமாக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் சோறு தின்று, அடுப்போரம் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு, அதே ஆட்களைப் படுக்கையில் கொன்றதுதான் இன்றுவரை மன்னிக்கப்படாத பாவமாக நிற்கிறது.

முன்பு மக்கள் எதைச் செய்து பிழைத்தார்கள்?

மாடுதான் செல்வம், சின்ன உடம்புள்ள கறுப்பு மாடு. பள்ளத்தாக்கின் அடியில் கிடைத்த துண்டு நிலங்களில் ஓட்ஸும் பார்லியும் போட்டார்கள். கோடை வந்ததும் பெண்களும் பிள்ளைகளும் மாடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு மேலே இருக்கிற மேய்ச்சல் நிலங்களுக்குப் போவார்கள். அங்கே கல்லும் புல்கட்டியும் வைத்துக் கட்டிய சின்னக் குடிசைகளில் தங்கி, பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து, அறுவடை நேரத்துக்கு இறங்குவார்கள். இந்தக் கோடைக் குடிசைகளை ஷீலிங் என்பார்கள்.

இன்றைக்கும் அவை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மலைச்சரிவு முழுக்கப் பழுப்பாக இருக்கும், நடுவில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். கிட்டப் போனால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சதுரம், வாசல் இருந்த இடத்தில் ஒரு இடைவெளி. எத்தனையோ தலைமுறை மாட்டுச் சாணி ஊறிய மண் என்பதால் அங்கே மட்டும் புல் வேறு நிறம்.

இப்போது ஏன் ஆளே இல்லாமல் கிடக்கிறது?

இயற்கையாகவே வெறிச்சோடிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள், பல பயணக் குறிப்புகளில் இதை மனிதர் தொடாத நிலம் என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெரிய செம்மறிப் பண்ணைகள் வந்தன. ஒரு மேய்ப்பரும் நாயும் போதும் என்ற இடத்தில் முப்பது குடும்பம் எதற்கு என்று நிலக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். குத்தகை ஏறியது, நிலம் கைமாறியது, சனங்கள் கீழ்நாட்டு நகரங்களுக்கும் கனடாவுக்கும் போனார்கள். பிறகு ஆடு இலாபம் தராத காலத்தில் மான் வேட்டை வந்தது. இப்படிக் காலியான நிலத்திலிருந்து கிளம்பிய பெயர்தான், வேறொரு கண்டத்தில் இன்னொரு சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றிய மலைக்கு வைக்கப்பட்டது.

கிழவி கல் பற்றிக் கேள்விப்பட்டேன், அது என்ன?

லயன் ஏரிக்கும் அப்பால், கிளென் கல்லியாக் என்ற பக்கப் பள்ளத்தாக்கில், கூரைக்குப் புல்கட்டி போட்ட பொம்மை வீடு மாதிரி ஒரு சின்னக் கல்வீடு இருக்கிறது. அதற்குள் ஆற்றுத் தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கற்கள்: கிழவி, கிழவன், மகள். மே மாதத் தொடக்கத்தில் அவற்றை எடுத்து வாசலில் வைப்பார்கள், நவம்பர் தொடக்கத்தில் திரும்ப உள்ளே வைத்துக் குளிர் புகாமல் அடைப்பார்கள். மந்தை மேலே ஏறுகிற காலமும் இறங்குகிற காலமும்தான் அந்த இரண்டு நாளும். பெரும் பனியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடைக்கலம் கேட்ட ஒரு குடும்பம், இடம் கொடுத்த நன்றிக்கு இந்த மண் செழிக்கட்டும் என்று வாழ்த்தியதாகக் கதை. அந்தப் பக்கத்து மேய்ப்பர்களும் வேட்டைக் காவலர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம் இது. லயன் ஏரி அணையிலிருந்து கரையோரமாக நடந்து போய்த் திரும்ப ஒரு முழு நாள் பிடிக்கும், நடுவில் ஓடைகளைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும், மழை பெய்தால் கடக்கவே முடியாது. போகிறவர்கள் தயவுசெய்து எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். அது காட்சிப்பொருள் இல்லை.

கொள்ளைநோயைப் பாறைக்குள் அடைத்த துறவி யார்?

அடோம்னான். ஸ்கொட்லாந்தின் மேற்கே ஐயோனா தீவில் இருந்த மடத்தின் தலைவராக இருந்து 704-ல் இறந்தவர், இங்கே அவரை ஓனன் என்பார்கள். கொள்ளைநோய் பள்ளத்தாக்குக்குள் ஏறி வந்தபோது அவர் பிரார்த்தனை செய்து அதை ஒரு பாறைத் துளைக்குள் அடைத்தார் என்று கதை. இதில் ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நோய் இல்லாதவர்களைப் பிரித்து மலைக் குடிசைகளுக்கு அனுப்பிவைத்தாராம். அற்புதம் ஒரு பக்கம் இருக்கட்டும், செய்த காரியம் கெட்டிக்காரத்தனம். இனர்விக் தேவாலயத்தில் ஆதிகாலத்து இரும்புக் கைமணி ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது, அந்த வழியாகப் போனால் பாருங்கள்.

அணை எதற்கு?

மின்சாரத்துக்கு. 1943-ல் வந்த சட்டத்தின் கீழ் வட ஸ்கொட்லாந்து நீர்மின் சபை அமைந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் அப்போதைய ஸ்கொட்லாந்துச் செயலாளர் டொம் ஜோன்ஸ்டன். மலைநாட்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று மின்சாரமே கிடையாது. 1950-களில் பிரெடால்பேன் திட்டத்தில் லயன் ஏரியின் வாயில் லூப்ரியோக் அணை எழுந்தது. பழைய சின்ன ஏரி பல மடங்கு நீண்டது, ஏரி முகப்பில் இருந்த விளைநிலமும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின. வடக்கே ஓரிடத்தில் இரண்டு சின்ன ஏரிகள் சேர்ந்து ஒரே ஏரியாகிவிட்டன, அதுதான் இன்றைய லாக் அன் டைவ், அந்தத் தண்ணீர் கேஷ்லி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. இன்னும் கீழே ஸ்ட்ரோனூயிக் என்ற சிறு தேக்கத்திலிருந்து தண்ணீரைச் சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து பக்கத்துக் கிளென் லொக்கேயில் இருக்கிற மின்நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அணையைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு வராது. விளக்கு எரிகிறது, அதே சமயம் ஆறு ஒல்லியாகிவிட்டது. கோடைக் கடைசியில் நீர்மட்டம் இறங்கும்போது ஏரியைச் சுற்றி வெறும் கல்லாக ஒரு வளையம் தெரியும், அதைப் பார்க்க நன்றாக இருக்காது.

இன்றைக்கு இந்த நிலத்தின் பயன் என்ன?

நீர்மின்சாரத்தைத் தவிர்த்தால்: கருமுகச் செம்மறி, கொஞ்சம் மாடு, மான் வேட்டை, சால்மன் மீன்பிடி, காடு வளர்ப்பு, சுற்றுலா. பெரிய பண்ணை நிலங்களாகப் பிரிந்து தனியார் கையில் இருக்கிறது. செம்மானின் தொகை அதிகம். இளம் மரக்கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால், மெகர்னி கோட்டைக்குப் பக்கத்தில் எஞ்சியிருக்கிற பழைய ஸ்கொட்லாந்துப் பைன் காடு வேலி இல்லாமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது கடினம். மானைக் குறைக்கிற வேட்டை கொடூரம் என்று நம்மில் பலர் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓநாய் இல்லாத மலையில் வேறு வழி என்ன என்று ஒரு பைன் கன்று தரையோடு கடிக்கப்பட்டுக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

ஆற்றில் முத்து கிடைக்குமா?

டே ஆற்றுப் பகுதி நன்னீர் முத்துக்குப் பேர்போனது. அதற்காகச் சிப்பிகளைக் கொன்றே தீர்த்தார்கள். 1998 முதல் அதை எடுப்பதோ தொந்தரவு செய்வதோ குற்றம். கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள்.

எந்த மலைகளை ஏறலாம்?

3,000 அடிக்கு மேற்பட்ட மலைச் சிகரங்களை அங்கே மன்ரோ என்பார்கள், நாடு முழுக்க 282 இருக்கின்றன. இன்வர்வார் என்ற இடத்திலிருந்து ஏறி கார்ன் கோர்ம் (1,029 மீட்டர்) தொடங்கி கார்ன் மெர்க் வழியாக நான்கு மன்ரோக்களை ஒரே நாளில் சுற்றி இறங்குவது பிரபலமான நடை. லாக் அன் டைவ் அணையிலிருந்து ஒரு பக்கம் ஸ்டுக்ட் அன் லொக்கன், மறு பக்கம் மியால் புயி. ஸ்டுக்ட் அன் லொக்கனை 1590 வாக்கில் 'பைத்தியக்கார கொலின்' என்று பேரெடுத்த கிளென் லயன் பிரபு ஏறியதுதான் ஒரு மன்ரோவில் மனிதர் ஏறியதற்கான முதல் பதிவு என்பார்கள். அவருக்கு முன்னால் எத்தனை மேய்ப்பர்கள் ஏறினார்களோ, பேர் பதியப்பட்டது பிரபுவுக்கு.

நடக்கப் போனால் நிலக்காரர்கள் தடுப்பார்களா?

2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி ஸ்கொட்லாந்தில் மலை, காடு, ஏரிக்கரை எங்கும் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மான் வேட்டை மும்முரமாக நடக்கும், அறிவிப்புப் பலகையில் வழி மாற்றச் சொல்லியிருந்தால் மாறிப் போங்கள். ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற வசந்த காலத்தில் நாயைக் கயிற்றில் பிடியுங்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடி விட்டு வாருங்கள்.

எப்படிப் போவது, எப்போது போவது?

எடின்பரோவிலிருந்து அபர்ஃபெல்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஃபோர்ட்டிங்கல் கிட்ட. பள்ளத்தாக்குக்குள் போக வாகனம் தேவை, பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். ரோடு ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம். இடையிடையே ஒதுங்குவதற்கு விரிவான இடங்கள் விட்டிருப்பார்கள், அவற்றில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போய்விடக் கூடாது, பின்னால் வருகிற விவசாயியின் டிராக்டர் நின்றுவிடும். பிரிட்ஜ் ஒஃப் போல்கியில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. அங்கிருந்து பென் லாவர்ஸ் தோளுக்கு மேலாக டே ஏரிக்கு ஒரு மலைரோடு போகிறது, பனிக்காலத்தில் அதில் போகவே வேண்டாம்.

மே மாதம் வறண்டு இருக்கும், பூச்சியும் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று நின்ற மாலைகளில் மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசு மொய்க்கும். தேயிலை மலையில் அட்டைக்குப் பழகியவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே அட்டைக்குப் பதில் உண்ணி. நடந்து முடித்ததும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள், அது லைம் நோயைப் பரப்பும். எனக்குப் பிடித்தது ஒக்டோபர். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, பிரேக்கன் பெரணி துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, சாயங்காலம் இரு பக்க மலையிலிருந்தும் ஆண் மான்கள் மாறி மாறி உறுமும்.

அக்கரப்பத்தனையிலிருந்து போனவருக்கு அங்கே தெரிந்த முகம் மாதிரி ஏதாவது இருந்ததா?

மூடுபனி. காலை எட்டு மணிக்குப் பாலத்தில் நின்றபோது மலையின் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை, ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பனி மெல்லக் கிழிந்து மேலே போனது. கொழுந்துக் கூடையோடு அம்மா மலைக்கு ஏறுகிற நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்த அதே மாதிரி. மலை தெரிந்ததும் பார்த்தேன், தேயிலை இல்லை, செம்மறிகள்தான் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பாலத்துக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "நம்ம தோட்டத்துப் பேரு அங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்.